மாங்கனியும் மேற்கு வெயிலும்

கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரங்களில் மாந்தோப்பு வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்கு இக்காட்சி புதிதன்று. அறுவடைக்குச் சில வாரங்களே இருக்கையில், நன்கு திரண்ட காயின் ஒரு பக்கம் வெளிறி மஞ்சளாகிறது. பின்னர் அவ்விடம் பழுப்பேறிக் கறுத்துக் குழிகிறது. இதனை நோயெனக் கருதி மருந்து தெளிப்போர் உளர். இது வெயில் சுட்ட புண். நோய்க்கிருமி பின்னரே அப்புண்வழி நுழைகிறது. மண்டியில் இத்தகைய காய் கழிவிலேயே சேரும்.

காற்றின் வெப்பம் 38 டிகிரியாயின், நேர்வெயில் படும் காயின் தோல் அதனினும் பத்து டிகிரிக்கு மேல் சூடேறக்கூடும். ஆயினும் பிஞ்சுப் பருவம் முதல் வெயிலில் வளர்ந்த காய் அதனை ஓரளவு தாங்கிக்கொள்கிறது. நிழலில் வளர்ந்து திடீரென வெயிலுக்கு வந்த காயே எளிதில் வெந்துபோகிறது. இதனை நாம் பட்டறிந்தோம். ஓராண்டு, பறிப்பதற்கு வசதியாயிருக்கட்டுமென்று சித்திரையில் மேற்கு வரிசை மரங்களின் கிளைகளைக் கழித்துவிட்டோம். அவ்வரிசையின் செந்தூராக் காய்களே முதலில் வெந்தன. கவாத்து அறுவடைக்குப் பின் செய்யவேண்டிய வேலை.

மேனாட்டு நூல்கள் மரத்தின் தென்மேற்குப் பக்கத்தைக் காக்கச் சொல்லும். அவை வடக்கே வெகு தொலைவிலுள்ள நாடுகளுக்கு எழுதப்பட்டவை. நம் பகுதியில் ஏப்ரல் நான்காம் வாரத்தில் சூரியன் உச்சிக்கு நேரே வந்து, ஆகஸ்டு மூன்றாம் வாரம் வரை நண்பகலில் வடக்கே சாய்ந்து நிற்கிறது. ஆகவே மாங்காய்ப் பருவத்தில் பிற்பகல் வெயில் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் தாக்கும். தெளிப்பதாயினும், உறை கட்டுவதாயினும் அப்பக்கமே முதலில் கவனிக்கற்பாலது.

இலையைவிட மலிவான குடை இல்லை. வேர்ப்பகுதியில் சருகு பரப்பி ஈரம் காத்தால் மரம் இலையை உதிர்க்காது. அதற்குமேல் வேண்டுமாயின், கேயோலின் என்னும் வெள்ளைக் களிமண் தூளை லிட்டர் நீருக்கு 30 முதல் 60 கிராம் வரை கரைத்துக் காய்மேல் தெளிக்கலாம். அவ்வெண்பூச்சு ஒளியைத் திருப்பிவிடும். மழை பெய்தால் கரைந்துபோகும், மறுமுறை தெளிக்கவேண்டும். விற்குமுன் காயைக் கழுவுதல் அவசியம். கூழ் ஆலைக்குச் செல்லும் கிளிமூக்குக்கு இதுவே போதும்.

நேரடியாக உண்ணும் உயர்ந்த இரகங்களுக்கு, காய் முட்டையளவு ஆனவுடன் பழுப்புக் காகித உறையிட்டுக் காம்பில் கட்டலாம். நீர் வடிய அடியில் சிறு துளை வேண்டும். கூலி மிகுதி என்பது உண்மையே. உறையைப் பறிக்கும் நாளிலன்றி முன்னதாக அவிழ்க்கலாகாது. நிழலிலிருந்த காய் அன்றே சுடப்படும்.

முதற்பறிப்புக்குப் பின்னும் விழிப்பு வேண்டும். பாரம் குறைந்த கிளை மேலெழும்பி, எஞ்சிய காய்களின் நிழற்பக்கத்தை வெயிலுக்குத் திருப்பிவிடுகிறது. எனவே தெளிப்பின் ஒரு பங்கை அதற்கென நிறுத்திவைத்துக்கொள்க. பறித்த காயைக் களத்தில் குவித்துவிட்டு லாரிக்காகக் காத்திருப்போரும் தென்னங்கீற்றேனும் மூடிவைக்கவேண்டும்.