கொழுந்து பறிக்கும் கைகள்

(உரைநடை: மனித உடலின் தசை மண்டலம்)

நுழையும்முன்

சித்திரபுரத்தைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் தேயிலைத் தோட்டங்கள் பச்சைப் போர்வை விரித்தாற்போல் காட்சி தருகின்றன. அத்தோட்டங்களில் உழைப்போருள் பலர் நம் உறவினர். அவர்களின் முன்னோர் மதுரை, தேனி, திருநெல்வேலி முதலிய பகுதிகளிலிருந்து இம்மலைக்கு வந்தவர்கள். போடிநாயக்கனூரை அடுத்த கொட்டகுடியிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை அக்காலத்தில் கம்பிவடப் பாதை ஒன்று இருந்தது. தேயிலைப் பெட்டிகள் அக்கம்பியில் இறங்கின. மனிதர்களோ செங்குத்தான மலைப்பாதையில் கால்நடையாக ஏறினர். அவர்களை மலைமேல் ஏற்றிய எந்திரம் அவர்களின் உடலுக்குள்ளேயே இருந்தது. அதன் பெயர் தசை. அவ்வெந்திரம் எவ்வாறு இயங்குகிறது, அதற்கு எவை தேவை என்பனவற்றை இப்பாடத்தில் அறிவோம்.

தசை என்பது யாது?

நூல் பல சேர்ந்து கயிறாவது போல, மெல்லிய இழைகள் பல சேர்ந்து தசையாகின்றன. மூளையிலிருந்து நரம்பு வழியே ஆணை வந்தவுடன் இவ்விழைகள் சுருங்குகின்றன. ஆணை நின்றவுடன் தளர்கின்றன. சுருங்குதலும் தளர்தலுமே தசையின் தொழில். எலும்போடு இணைந்த தசைகள் மட்டும் நம் உடலில் 600க்கும் மேற்பட்டவை. தசையின் முனை வெண்மையான, உறுதியான நார்க்கற்றையாக மாறி எலும்பைப் பற்றிக்கொள்கிறது. அந்நார்க்கற்றைக்குத் தசைநாண் என்று பெயர். உங்கள் குதிகாலுக்கு மேலே பின்புறம் தொட்டுப் பாருங்கள். கயிறு போல் விறைப்பாகத் தோன்றுவதே உடலின் மிகத் தடித்த தசைநாண்.

விரலை அசைப்பது எது?

இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்ததே நல்ல கொழுந்து. அதனைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பற்றிக் கிள்ளும் வேலையை ஒரு தொழிலாளி ஒரே நாளில் பல ஆயிரம் முறை செய்கிறார். இன்று கத்திரி கொண்டு கொழுந்தை வெட்டி எடுக்கும் முறையும் வழக்கில் உள்ளது. எம்முறையாயினும் உழைப்பது விரல் என்றே நாம் எண்ணுகிறோம். அது பாதி உண்மையே.

செய்து பார்ப்போம் 1: வலக்கையின் முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே, இடக்கையால் பற்றிக்கொள்ளுங்கள். இப்போது வலக்கை விரல்களை மடக்கி மடக்கி நீட்டுங்கள். அசைவது விரல், ஆனால் உங்கள் இடக்கைக்கு அடியில் நெளிவது முன்கை.

காரணம் யாது? விரல்களை மடக்குவதற்கும் நீட்டுவதற்கும் உரிய தசைகள் விரல்களுக்குள் இல்லை. அவற்றுள் வலிமை மிக்கவை முன்கையிலும், சிறியவை உள்ளங்கையிலும் அமைந்துள்ளன. முன்கைத் தசை சுருங்கும்போது, அதன் நீண்ட தசைநாண் மணிக்கட்டைக் கடந்து சென்று விரல் எலும்பை இழுக்கிறது. பொம்மலாட்டத்தில் திரைக்குப் பின்னால் நிற்பவர் நூலை இழுக்க, முன்னால் பொம்மை ஆடுவதைப் போன்றது இது. விரல்களிலேயே பருத்த தசைகள் இருந்திருந்தால் மெல்லிய கொழுந்தைக் கிள்ளவோ, எழுதுகோலைப் பிடிக்கவோ, பூத்தொடுக்கவோ நம்மால் இயன்றிராது. நாள் முழுதும் கொழுந்து பறித்தவரின் முன்கை மாலையில் வலிப்பது ஏன் என்பதும் இதனால் விளங்கும்.

இழுக்கும், தள்ளாது

தசையால் இழுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது. அப்படியாயின் கதவை நாம் எவ்வாறு தள்ளுகிறோம்?

செய்து பார்ப்போம் 2: மேற்கையை மறுகையால் பற்றிக்கொண்டு, நீர் நிறைந்த குடம் ஒன்றைத் தூக்க முயலுங்கள். மேற்கையின் முன்புறம் திரண்டு கடினமாகும். பின்னர் உள்ளங்கையை மேசைமேல் வைத்துக் கீழ்நோக்கி அழுத்துங்கள். இம்முறை மேற்கையின் பின்புறம் கடினமாகும்.

முன்புறம் உள்ளது இருதலைத் தசை. பின்புறம் உள்ளது முத்தலைத் தசை. முன்னது சுருங்கினால் கை மடங்கும். பின்னது சுருங்கினால் கை நீளும். ஒன்று இழுக்கையில் மற்றொன்று தளர்ந்து இடங்கொடுக்கிறது. நாம் கதவைத் தள்ளும்போதும் முத்தலைத் தசை முழங்கையைப் பின்னிருந்து இழுத்து நீட்டுகிறது. நீளும் கை கதவைத் தள்ளுகிறது. இவ்வாறு உடலில் பெரும்பாலான தசைகள் இணையாகவே பணி செய்கின்றன.

மூவகைத் தசைகள்

நம் விருப்பப்படி இயங்கும் எலும்புத் தசைகளைப் பற்றி இதுவரை கண்டோம். நம் விருப்பத்திற்குக் காத்திராமல் இயங்கும் தசைகளும் உண்டு. இரைப்பை, குடல், குருதிக்குழாய் ஆகியவற்றின் சுவர்களில் இருப்பவை மென்தசைகள். நாம் உறங்கும்போதும் அவை உணவை மெல்ல மெல்ல நகர்த்துகின்றன. வெளிச்சத்தில் கண்ணின் பாவையைச் சுருக்கி, இருளில் விரிப்பவையும் அவையே.

மூன்றாவது வகை இதயத் தசை. நிமிடத்திற்கு 70 முறை துடிக்கும் இதயம் ஒரு நாளில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட முறை துடிக்கிறது. 'இதயம் ஓய்வே அறியாதது' என்று பலர் கூறுவர். உண்மை வேறு. ஒரு துடிப்பிற்கு ஏறத்தாழ 0.8 நொடி ஆகிறது. அதில் இதயத்தின் கீழறைகள் சுருங்கியிருப்பது ஏறத்தாழ 0.3 நொடி, தளர்ந்திருப்பது 0.5 நொடி. வாழ்நாள் முழுதும் உழைக்கும் இதயமும் உழைக்கும் நேரத்தைவிட மிகுதியான நேரம் இளைப்பாறுகிறது. அந்த இடைவெளியில்தான் அது குருதியால் நிரம்புகிறது. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இதனிடம் வருவோம்.

ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

சித்திரபுரத்திற்கு அருகிலுள்ள பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. மலையுச்சியிலிருந்து குழாய்களில் பாய்ந்திறங்கும் நீர் சுழலியைச் சுழற்ற, மின்சாரம் பிறக்கிறது. நீர் வரத்து நின்றால் சுழலியும் நிற்கும். தசையும் அத்தகையதே. நாம் உண்ணும் உணவிலிருந்து கிடைக்கும் சர்க்கரையும் கொழுப்பும், மூச்சின் வழியே வரும் ஆக்சிஜனும் குருதியோட்டத்தின் மூலம் தசையை அடைகின்றன. அங்கே உணவின் ஆற்றல் இயக்கமாக மாறுகிறது.

ஆயினும் அவ்வாற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே வேலையாகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. மூணாற்றுப் பகுதியில் உறைபனி படியும் சனவரிக் காலையில் நம் உடல் தானாகவே நடுங்குவதன் காரணம் இதுவே. தசைகள் விரைந்து சுருங்கித் தளர்ந்து வெப்பத்தை உண்டாக்கி உடலைக் காக்கின்றன.

ஏற்றமும் இறக்கமும்

மலையேறும்போது மூச்சு வாங்குகிறது. இறங்கும்போது எளிதாக இருக்கிறது. ஆனால் பழக்கமில்லாதவர் நெடுந்தொலைவு மலையிறங்கினால், மறுநாள் தொடையின் முன்புறம் கடுமையாக வலிக்கும். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடலை உயர்த்துகிறது. இறங்கும்போதோ, உடல் சட்டென விழாதபடி தாங்கிக்கொண்டே அத்தசை நீள்கிறது. சுருங்க முயன்றபடியே நீளும்போது அதன் இழைகளில் மிக நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. அவற்றால் உண்டாகும் வலி சில நாள்களில் மறையும். போதிய உணவும் ஓய்வும் கிடைத்தால் உடல் அவ்விழைகளைச் செப்பனிட்டு முன்னிலும் உறுதியாக்கும். உழைப்பினால் மட்டும் தசை வளர்வதில்லை. உழைப்பிற்குப் பின் வரும் ஓய்வில் அது வளர்கிறது.

அசையாமல் இருப்பதும் உழைப்பே

செய்து பார்ப்போம் 3: உங்கள் பாடநூலைக் கையில் ஏந்தி, கையைத் தோள் உயரத்தில் நேராக நீட்டி, அசையாமல் இரண்டு நிமிடம் நில்லுங்கள். சிறிது நேரத்தில் தோள் கனக்கும், பின்பு எரியும்.

நூலின் எடை கூடவில்லை. பின் ஏன் வலிக்கிறது? அசைந்து இயங்கும் தசை சுருங்கித் தளரும்போது குருதி உள்ளே வந்து போகிறது. விடாமல் இறுகியிருக்கும் தசையோ தனக்குள் ஓடும் குருதிக்குழாய்களைத் தானே நெருக்கிவிடுகிறது. ஆக்சிஜன் வரத்துக் குறைகிறது. கழிவுப் பொருள்கள் தேங்குகின்றன. தசை விரைவில் சோர்கிறது.

கொழுந்து பறிப்போரின் நிலையை இப்போது எண்ணிப் பாருங்கள். கை அசைந்தபடி இருக்கிறது. ஆனால் செடியின்மேல் சற்றே குனிந்த முதுகும், நிறையும் கூடையைத் தாங்கும் கழுத்தும் தோளும், சரிவில் ஊன்றி நிற்கும் காலும் மணிக்கணக்கில் இறுகியே இருக்கின்றன. 'நின்றுகொண்டுதானே வேலை செய்தீர்கள்?' என்று கேட்பவர் தசையின் இயல்பை அறியாதவர்.

இவ்வுண்மையைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்திற்கு மேல் எவரையும் வேலை வாங்கக் கூடாது, அதற்குள் அரை மணி நேரமேனும் ஓய்வு இடைவேளை தர வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. ஓய்வு சோம்பலன்று, உழைப்பின் ஒரு பகுதி. இதயம் நமக்குக் கற்பிப்பதும் அதுவே.

நாம் செய்யத்தக்கவை

இடையிடையே நிமிர்ந்து நின்று கழுத்தையும் தோளையும் தளர்த்துதல், போதிய நீர் பருகுதல், பயறு, பருப்பு, முட்டை, மீன் முதலிய புரத உணவுகளை உண்ணுதல், நன்றாக உறங்குதல் ஆகியவை தசைகளைக் காக்கும். வலி பல நாள் நீடித்தாலோ, விரல்கள் அடிக்கடி மரத்துப்போனாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். 'வயதானால் வலிக்கத்தான் செய்யும்' என்று பொறுத்துக்கொண்டிருத்தல் தவறு. புத்தகப்பையை ஒரு தோளில் மட்டும் தொங்கவிடாமல் இரு தோளிலும் மாட்டிக்கொள்ளுதல் உங்களுக்கு நல்லது.

இன்று மாலை உங்கள் தாயோ பாட்டியோ தோட்டத்திலிருந்து லயத்திற்குத் திரும்பும்போது, அவர் கையிலிருக்கும் பையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள். அவர் அரை மணி நேரம் அமர்ந்திருக்கட்டும். நீங்கள் கற்ற பாடம் அவர் தோள்களுக்குப் பயன்பட்டதாகும்.

அருஞ்சொற்பொருள்

கொழுந்து – தேயிலைச் செடியின் இளந்தளிர்
லயம் – தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகள்
தசைநாண் – தசையை எலும்போடு இணைக்கும் உறுதியான நார்க்கற்றை
சுழலி – நீரின் விசையால் சுழலும் பொறி
பாவை – கண்ணின் கருமணி
செப்பனிடுதல் – சீர்ப்படுத்துதல்

மொழியை அறிவோம்

முழங்காலுக்குக் கீழே, பின்புறம் திரண்டிருக்கும் பகுதியைக் கெண்டைக்கால் என்கிறோம். நடுவில் பருத்து, முனைகளில் ஒடுங்கிக் கெண்டை மீனைப் போலத் தோன்றுவதால் இப்பெயர் பெற்றது என்பர். உழைப்பையும் உதவியையும் குறிக்கத் தமிழில் உடலுறுப்புகளின் பெயரால் அமைந்த மரபுத்தொடர்கள் பல உள்ளன.

தோள்கொடுத்தல் – துணைநிற்றல்
கைகொடுத்தல் – தக்க நேரத்தில் உதவுதல்
முதுகொடிய உழைத்தல் – மிகக் கடுமையாக உழைத்தல்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. தசையை எலும்போடு இணைப்பது ______.
2. கையை மடக்குவது ______ தசை. நீட்டுவது ______ தசை.
3. குடலின் சுவரில் இருப்பது ______.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. விரலை மடக்கும் வலிமை மிக்க தசைகள் எங்கே அமைந்துள்ளன?
2. குளிரில் உடல் நடுங்குவது ஏன்?
3. மலையிறங்கிய மறுநாள் தொடை வலிப்பதற்குக் காரணம் யாது?

இ. மேலே தந்த மரபுத்தொடர்கள் மூன்றையும் சொந்தத் தொடரில் அமைத்து எழுதுக.

ஈ. 'இதயமும் இளைப்பாறுகிறது' என்பதைப் பாடப்பகுதி கொண்டு விளக்கிப் பத்து வரிகளில் எழுதுக.

உ. உங்கள் வீட்டில் உழைக்கும் ஒருவரிடம், 'வேலை முடிந்தபின் உடலில் எவ்விடம் வலிக்கிறது? எந்த வேலையால்?' என்று கேட்டு எழுதுக. அங்குள்ள தசை அசைந்து உழைத்ததா, அசையாமல் இறுகி உழைத்ததா என்று சிந்தித்து அதன்கீழ் எழுதுக.