எந்த நாற்காலி காலி?

தமிழ் கமென்டரி பாக்ஸில் இரண்டு வகை நாற்காலிகள். ஒன்று, ஆடி முடித்தவர்களுக்கு. ஸ்ரீகாந்த், பத்ரிநாத், ஹேமங் பதானி, லட்சுமிபதி பாலாஜி, அபினவ் முகுந்த் என்று அங்கே வரிசை நீளம். மாநில அணிக்கு ஆடாதவர் அந்தப் பக்கம் போக வேண்டாம். இன்னொன்று, பந்து பந்தாக ஆட்டத்தை நகர்த்துபவருக்கும், இடைவேளையில் ஸ்டுடியோவைக் கட்டி மேய்க்கும் தொகுப்பாளருக்கும் உரியது. குறிவைக்க வேண்டியது இதைத்தான். இதில் உட்கார்ந்த ஆர்.ஜே. பாலாஜி பண்பலையிலிருந்து வந்தவர். பாவனா பாலகிருஷ்ணன் சூப்பர் சிங்கர் மேடையில் பழகியவர்.

அப்துல் ஜப்பார் காலத்து வானொலி வர்ணனையாளர்களுக்குப் பேர் இருந்தது. ஆனால் பெரும்பாலும் சேப்பாக்கத்தில் ஆட்டம் நடந்தால்தான் மைக். 2017-ல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வந்த பிறகுதான் தமிழ் வர்ணனை பிழைப்பாகத் தேறியது.

மொழி வர்ணனையில் பெரும்பகுதி மைதானத்தில் நடப்பதில்லை. ஸ்டுடியோவில் உட்கார்ந்து திரையைப் பார்த்துச் செய்வது, ஆஃப்-டியூப் என்பார்கள். கேமரா காட்டாதது உங்களுக்கும் தெரியாது. பந்து உயரே பறக்கும்போது டீப் மிட்விக்கெட்டில் ஆள் இருக்கிறாரா? முந்தைய வைட் ஷாட்டில் ஃபீல்டிங்கைக் குறித்து வைத்திருந்தால் சொல்லலாம், இல்லையேல் உளறல்தான். இதற்கிடையே, விளம்பரத்துக்குப் போக இன்னும் எத்தனை விநாடி என்று தயாரிப்பாளர் காதில் எண்ணிக்கொண்டிருப்பார். அதைக் கேட்டபடியே வாக்கியத்தைச் சிதறாமல் முடிக்க வேண்டும். வீட்டிலேயே பழகலாம். ஆட்டத்தை ஒலியில்லாமல் ஓடவிட்டுப் பேசுங்கள். பக்கத்தில் யாரையாவது உட்காரவைத்து, நினைத்த நேரத்தில் பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்லுங்கள். பூஜ்யம் வரும்போது நீங்கள் வாக்கியத்தை முடித்திருக்க வேண்டும். பிறகு பதிவைப் போட்டு, 'பார்த்தீங்கன்னா' எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். வெட்கமே பாதி வைத்தியம்.

சினிமா வசனத்தைச் செருகினால் தமிழ் வர்ணனை ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் பலர். எனக்கு உடன்பாடில்லை. கடைசி ஓவரில் வடிவேலு வேண்டாம். எத்தனை பந்து, எத்தனை ரன் என்று சொன்னால் போதும்.

கிரிக்கெட்டில் நெரிசல் அதிகம். கபடியில் இன்னும் இடம் இருக்கிறது. ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. அதற்குள் பாடிப் போகிறவர் பெயர், எதிரில் எத்தனை பேர், இது டூ ஆர் டை ரெய்டா, பிடித்தால் சூப்பர் டேக்கிளா என்பதெல்லாம் நாக்கு நுனியில் நிற்க வேண்டும். தென்மாவட்டத்து ஊர்க் கபடிகளில் விடிய விடிய மைக் பிடிக்கிறவர்களுக்கு இது கைவந்த கலை. டென்னிஸ் பால் கிரிக்கெட் தொடர்களும் இப்போது யூடியூபில் நேரலையாகின்றன. நடத்துகிறவர்களிடம் போய் மைக் கேளுங்கள். முதலில் சாப்பாடும் பஸ் காசும்தான் கிடைக்கும். பரவாயில்லை, பதிவை மட்டும் விடாமல் கேட்டு வாங்குங்கள்.

அதுதான் உங்கள் டெமோ. இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 'அனைவருக்கும் வணக்கம்' என்று ஆரம்பிக்காமல் விக்கெட் விழும் இடத்தில் ஆரம்பியுங்கள். அதோடு, மழையால் ஆட்டம் நின்று நீங்கள் பேச்சை ஓட்டிய பகுதியையும் சேருங்கள். விக்கெட் விழுந்தால் யாரும் கத்திவிடலாம். ஒன்றுமே நடக்காதபோதுதான் சரக்கு தெரியும். தொகுப்பாளர் வேலைக்கு என்றால் ஒரு பேட்டியும் இருக்கட்டும். கேள்வி பதிலைவிட நீளமாக இருந்தால் வெட்டிவிடுங்கள்.

வருமானம் பெரும்பாலும் நாள் கணக்கு, இல்லையென்றால் தொடர் கணக்கு. மார்ச் முதல் மே வரை ஐபிஎல், அதற்குப் பின் டிஎன்பிஎல், புரோ கபடி. நடுவே காயும் மாதங்களுக்கு விளம்பரக் குரல், கல்லூரி விழா, ரிசப்ஷன் மேடை என்று ஏதாவது கையில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியவை சில: ஆட்டம் ரத்தானால் அன்றைய பணம் உண்டா, பயணமும் தங்கலும் யார் செலவு, தொடர் நடக்கும்போது சொந்த யூடியூப் சேனலில் பேசலாமா. கட்டணத்தில் பொதுவாக 10 சதவீதம் வரி பிடித்தம் போகத்தான் பணம் வரும். ஆண்டு வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம்.