பாலை மணலும் வண்டியின் வண்ணப்பூச்சும்

தமிழ் இலக்கணம் கூறும் பாலை வேறு. தார்ப் பாலைவனம் வேறு. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு திரிந்து வறண்ட நிலையையே நம் முன்னோர் பாலை என்றனர். ஜெய்சல்மேருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ‘சம்’ மணற்குன்றுகளோ, எக்காலமும் மணலாகவே இருப்பவை. அப்பகுதியின் ஆண்டு மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. அங்குக் கூடாரம் அடித்துத் தங்கச் செல்வோர் உணவைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் முன்கூட்டியே எண்ணுவர். ஏறிச் செல்லும் வண்டியின் வண்ணப்பூச்சைப் பற்றி எண்ணுவோர் மிகச் சிலரே.

எனக்கு அதை எண்ணியே தீரவேண்டிய நிலை. சென்ற டிசம்பரில் மாணவர்கள் பதினான்கு பேர் சென்ற வேன் என் சித்தப்பாவுக்குச் சொந்தமானது. அவருடைய குடும்பம் முகூர்த்த நாட்களின் வாடகையை நம்பியிருப்பது. கல்யாண வீட்டார் வண்டி பேச வந்தால் முதலில் பார்ப்பது அதன் பளபளப்பைத்தான். எஞ்சினைத் திறந்து பார்த்தவர் எவருமில்லை. முழு வண்டிக்கும் மறுபடி பெயிண்ட் அடிப்பதென்றால் கைப்பணம் போவதோடு, வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களின் வருமானமும் போய்விடும். “நானே ஓட்டி வர்றேன் தம்பி. ஆனா வண்டி இதே மினுமினுப்போட ஊர் திரும்பணும்” என்பது அவர் விதித்த நிபந்தனை. இயற்பியல் படிப்பவன் என்பதால் அப்பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதலில் பளபளப்பு என்பது யாது என நோக்குவோம். இன்றைய வண்டிகளில் இரும்புத் தகட்டின்மேல் அடிப்பூச்சு, நிறப்பூச்சு, அவற்றுக்கு மேல் நிறமற்ற பூச்சு எனப் பல அடுக்குகள் உள்ளன. மேலுள்ள நிறமற்ற அடுக்கின் கனம் சுமார் 40 முதல் 50 மைக்ரான். தலைமயிர் ஒன்றின் தடிமனைவிடக் குறைவு. அப்பரப்பு வழவழப்பாக இருக்கும்வரை ஒளி கண்ணாடியில் படுவதுபோல் ஒரே ஒழுங்கில் எதிரொளிக்கிறது. நுண்ணிய கீறல்கள் விழுந்தால் ஒளி பல திசைகளிலும் சிதறுகிறது. அதையே நாம் ‘மங்கிவிட்டது’ என்கிறோம். பாலிஷ் போட்டு அதைச் சரிசெய்யலாமே எனலாம். பாலிஷ் என்பது அப்பூச்சைச் சிறிது தேய்த்து எடுப்பதே. மெல்லிய பூச்சை எத்தனை முறை தேய்க்க முடியும்?

இனி மணலைக் காண்போம். தார் மணலில் மிகுதியாக இருப்பது குவார்ட்ஸ் என்னும் படிகக்கல். மோஸ் கடினத்தன்மை அளவில் அதன் எண் 7. சன்னல் கண்ணாடியின் எண் சுமார் 5.5. ஆகவே காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓடவிட்டால் கண்ணாடியிலேயே கோடு விழும். வண்ணப்பூச்சோ அதைவிட மிக மென்மையானது. கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் பாருங்கள். நம் நகம் பட்ட கீறல்களே அங்குத் தெரியும். இவ்வளவு கடினமான துகள் வண்டியின்மேல் சும்மா கிடந்தால் தீங்கில்லை. கீறல் விழ அழுத்தமும் நகர்வும் வேண்டும். அவ்விரண்டையும் தருவது துடைக்கும் துணி.

சித்தப்பாவுக்கும் எனக்கும் பிணக்கு வந்தது இவ்விடத்தில்தான். விடிந்ததும் வண்டியைத் துடைப்பது அவருக்கு இருபது ஆண்டுப் பழக்கம். சிலர் போலத் துணியில் சிறிது டீசல் தொட்டுத் துடைப்பதும் உண்டு. அந்த எண்ணெய்ப் படலம் ஊரில் மினுக்கைத் தரும். பாலையிலோ தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உலர்ந்த துணியால் துடைத்தாலும் தொல்லையே. உராய்வினால் பரப்பில் மின்னேற்றம் உண்டாகிறது. உலர்ந்த காற்றில் அது எளிதில் கசிந்து போவதில்லை. துடைத்த இடமே மேலும் தூசியை இழுக்கிறது. “அஞ்சு நாள் துடைக்காம போட்டா பார்க்கிறவன் என்ன சொல்வான்?” என்றார் அவர். விளக்குகளையும் கண்ணாடிகளையும் எண்பலகையையும் தண்ணீர் விட்டுக் கழுவ மட்டும் இசைந்தேன்.

காற்றில் பறக்கும் மணலைப் பற்றி முறையாக ஆராய்ந்தவர் ரால்ஃப் பாக்னால்ட் என்னும் ஆங்கிலேயப் படைப் பொறியாளர். எகிப்து, லிபியப் பாலைவனங்களில் ஃபோர்டு கார்களில் சுற்றித் திரிந்தவர். அவரது நூல் 1941இல் வெளிவந்தது. மணல் தத்தித் தத்தியே செல்கிறது; பெரும்பகுதி தரையை ஒட்டியும், ஆள் உயரத்துக்குள்ளும் அடங்கிவிடுகிறது. அதனினும் நுண்ணிய தூசி மட்டுமே மேலெழுந்து மிதக்கிறது. எனவே வண்டியின் கீழ்ப்பாதிக்கு மணலின் அடி. மேற்பாதிக்குத் தூசிப் படிவு. காற்று வரும் திசைக்கு வண்டியின் பின்புறத்தைக் காட்டி நிறுத்தினால் முன்கண்ணாடியும் முகப்பு விளக்குகளும் தப்பும். மூடுதுணி போட்டால் நல்லதென்று பலர் எண்ணுவர். காற்றில் அது படபடத்து, அடியில் புகுந்த மணலைப் பூச்சின்மேல் தேய்க்கும். உப்புத்தாள் கொண்டு இரவெல்லாம் தேய்ப்பதற்கு ஒப்பானது அது. நாங்கள் போடவில்லை.

பகல் மணலைவிட இரவுப் பனி எனக்குக் கவலை தந்தது. குளிர்கால இரவில் அங்கு வெப்பநிலை 10 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. இரும்புத் தகடு விரைவில் குளிர்ந்து பனித்துளி படிகிறது. அப்பகுதிப் பாறைகளில் சுண்ணாம்புக்கல் மிகுதியாதலால் தூசியில் சுண்ணாம்புக் கூறும் உண்டு. ஈரப்பட்டுக் காலை வெயிலில் உலரும்போது அது அடையாகிவிடும். அந்த அடையைக் கையால் சுரண்டுவதுதான் கீறலுக்கு நேர்வழி. ஊறவைத்தே எடுக்கவேண்டும். கட்ச் ரண் போன்ற உப்பு நிலமாயின் பூச்சைவிட அடித்தட்டையே முதலில் கழுவ வேண்டும்; குளோரைடு இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள பிளாக் ராக் பாலைவனம் பழைய ஏரியொன்றின் வறண்ட படுகை. அதன் தூசி காரத்தன்மை உடையதாகையால், அங்குத் தங்கித் திரும்புவோர் வினிகரை நீரில் கலந்து கழுவுகின்றனர். குவார்ட்ஸ் மணலுக்கு வினிகரால் பயனில்லை. சுண்ணாம்பு வெள்ளைத் திட்டாக நின்ற இடங்களில் மட்டும் அதை நீர்த்துத் தடவி, உடனே நிறைய நீர்விட்டு அலசினேன்.

புறப்படுமுன் செய்தது ஒன்றே. ஊரில் வண்டியை நன்கு கழுவி உலர்த்தி, கார்னோபா மெழுகை மெல்லியதாகப் பூசித் துடைத்தோம். பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையிலிருந்து கிடைப்பது அம்மெழுகு. தூசி இறுகப் பற்றாமல் இருக்க அது உதவும். பறந்து வரும் மணலை அது தடுக்காது. சோப்புக்கட்டியாலோ சலவைச் சோடாவாலோ கழுவினால் மெழுகு போய்விடும்.

மூன்றாம் நாள் சித்தப்பா பொறுமை இழந்து, கழுவியே தீருவேன் என்றார். குடிநீருக்கே தொட்டியை எதிர்பார்த்திருக்கும் ஊரில் வேனைக் குளிப்பாட்டுவது முறையன்று என்று மறுத்தேன். கோபம் ஜோத்பூர் வரை நீடித்தது. அங்குத் தங்கிய விடுதி முற்றத்தில், வெயில் ஏறுமுன், தகடு குளிர்ந்திருக்கையில் வேலையைத் தொடங்கினோம். வயலுக்கு மருந்தடிக்கும் 16 லிட்டர் முதுகுத் தெளிப்பான் ஒன்றைப் புதிதாக வாங்கிச் சென்றிருந்தேன். (மருந்து பட்ட பழையது ஆகாது.) கூரையிலிருந்து கீழ்நோக்கி, கை படாமல் இருமுறை தெளித்து ஊறவிட்டோம். மணல் சேறாக ஓடி நின்ற பிறகே ஷாம்பு நீரில் நனைத்த மென்துணி. அலச ஒரு வாளி, ஷாம்புக்கு ஒரு வாளி, இரண்டும் கலக்கக்கூடாது. துணி கீழே விழுந்தால் அதை ஒதுக்கிவிட வேண்டும். சொட்டு நீர் உலர்ந்து கறையாகாமல் ஒற்றியெடுத்தோம்.

சன்னல் மட்டத்துக்கு மேல் புதுக் கீறல் ஒன்றும் தென்படவில்லை. சித்தப்பா விளக்கைச் சாய்த்துப் பிடித்து இருமுறை தேடினார். முன்சக்கரங்களுக்குப் பின்னால், கதவின் அடியில் மட்டும் ஊசி குத்தியது போன்ற சிறு குழிகள் இருந்தன. அவற்றுள் இரும்பு தெரிந்தவற்றை ஊர் வந்த மறுநாளே உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, ரெட் ஆக்சைடு தொட்டு வைத்து, அதன்மேல் வண்ணத்தைத் தூரிகை முனையால் வைத்தோம். அடுத்த மழைக்குமுன் இதைச் செய்யாவிட்டால் துரு பூச்சின் அடியில் பரவிக் கொப்புளம் கட்டும்.