பரல்வழிப் பயணம்: அரியலூர்ச் சுண்ணக்கல் நிலமும் மிதிவண்டித் தடங்களும்

நொச்சிக்குப்பத்துக் கரையில் ஒரு பிடி மணலை அள்ளினால், விரலிடையே கிளிஞ்சல் துண்டுகள் சில தங்கும். பழஞ்சென்னையின் மாளிகைகளுக்குப் பளிங்கின் ஒளியைத் தந்த வெண்பூச்சு, இத்தகைய கடற்கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணத்தால் ஆனது. இதே இனத்தைச் சேர்ந்த ஓடுகள் சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தொலைவிலும் கிடக்கின்றன. இன்றைய கடற்கரையினின்று அவ்விடம் 80 கிலோமீட்டர் உள்ளே அமைந்தது. ஆயினும் அங்கு ஓடுகள் தனித்துக் கிடக்கவில்லை. பாறையே ஓடாகி நிற்கின்றது. அந்நிலமே அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் சுண்ணக்கல் மேட்டுநிலமாகும். அதனூடே மிதிவண்டியில் செல்லத்தக்க சரளைத் தடங்களைப் பற்றியதே இக்கட்டுரை.

தார் பூசாத கல்வழிகளில் நெடுந்தொலைவு மிதிவண்டி செலுத்துதல் அண்மைக் காலத்தில் மேலைநாடுகளில் தனியொரு விளையாட்டாக வளர்ந்துள்ளது. அமெரிக்காவின் கான்சாசு மாநிலத்தில், தீக்கல் செறிந்த சுண்ணக்கல் குன்றுகளின் நடுவே 2006-ஆம் ஆண்டு தொடங்கிய போட்டி இன்று உலகப் புகழ் பெற்றது. அதன் முதன்மைத் தடம் 200 மைல் நீளமுடையது. 2022-இல் இத்தாலியில் இவ்விளையாட்டிற்கு உலகச் சாம்பியன் போட்டியும் நடைபெற்றது. நம் நாட்டிலோ கல்வழியில் மிதிவண்டி ஓட்டுவதைப் பெரும்பாலோர் விளையாட்டு எனக் கருதியதில்லை. அது பிழைப்பின் ஒரு பகுதி. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி பயின்றனர். கல்குவாரியில் உழைத்த பெண்களும் அவர்களுள் இருந்தனர். சரளைத் தடத்தின் மெய்யான வல்லுநர் யாவர் என வினவினால் அவர்களையே முதலிற் கூறுதல் வேண்டும்.

சொல்லைச் சிறிது நோக்குவோம். 'சரளை' என்பது இன்று பெருவழக்கு. இலக்கிய வழக்கில் இதற்கு ஈடானது 'பரல்'. பாலைத்திணைப் பாடல்களில் உடன்போக்கு மேற்கொண்ட தலைவியின் அடிகளை வருத்துவது பரலே. சிலம்பின் உள்ளிருந்து ஒலிக்கும் மணிக்கும் அதுவே பெயர். காலை அறுக்கும் கல்லும் காலணியின் உள்ளீடும் ஒரே சொல்லாற் குறிக்கப்பெறுதல் தமிழின் நயங்களுள் ஒன்று. கருவேலமும் பருக்கைக் கல்லும் நிறைந்த இத்தடங்களில் ஒரு நாள் சென்று வந்தவர்க்குப் பாலைப் பாட்டின் சொல்லாட்சி உரையின் துணையின்றியே விளங்கும் என்பது என் கருத்து.

நிலத்தின் வரலாறு

கிரேட்டேசியக் காலம் எனப்பெறும் தொல்லூழியில் கடல் இந்நிலத்தின்மீது பலமுறை ஏறி இறங்கியது. அதன் அடியிற் படிந்த சேறும் மணலும் ஓடுகளும் இறுகிப் பாறையாயின. 1840-களில் திருச்சி, விருத்தாசலம், புதுச்சேரிப் பகுதிகளில் ஆங்கிலேயர் திரட்டிய படிமங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-இல் ஆய்ந்து விளக்கினார். பின்னர் பிளான்ஃபோர்டு இந்நிலத்தை அளந்து, உட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று அடுக்குத் தொகுதிகளாகப் பகுத்தார். அவரது அறிக்கை 1862-இல் வெளிவந்தது. படிமங்களின் விரிந்த விளக்கத்தை 1873 வரை எழுதி முடித்தவர் ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா. அடுத்த ஆண்டே அவர் லடாக்கில் மறைந்தார். நம் ஊர்ப்பெயர்கள் உலகப் புவியியல் நூல்களில் ஏறியது இவர்களால்தான்.

பாறை அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சரிந்துள்ளன. ஆதலின் மேற்கே உட்டத்தூரில் முதிய பாறையும் கிழக்கே அரியலூரில் இளைய பாறையும் தரைக்கு வருகின்றன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ நான்கு கோடி ஆண்டுகள். ஊர்வழிகளில் வளைந்து செல்லும் தொலைவு சற்றொப்ப நாற்பது கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டர் மிதித்தால் பத்து இலட்சம் ஆண்டுகள் கடந்தன எனக் கணக்கிடலாம். நடப்பவர்க்கு இம்மாற்றம் மிக மெல்லத் தோன்றும். மகிழுந்திற் செல்பவர்க்கோ தோன்றவே தோன்றாது. மிதிவண்டியின் வேகமே இதற்குப் பொருந்துகின்றது.

தடம்

திருச்சி நெடுஞ்சாலையில் பாடாலூரில் இறங்கிக் கிழக்கே திரும்பினால் உட்டத்தூர். அதனைக் கடந்து காரை. இங்கு மழைநீர் அரித்த செம்பழுப்பு நிறக் களிமண் மேடுகள் நூற்றுக்கணக்கான ஓடைகளாகப் பிளந்து நிற்கின்றன. வெயிலில் ஆங்காங்கே பளிச்சிடுவது கண்ணாடித் துண்டன்று, ஜிப்சம். சுருண்ட ஆட்டுக்கொம்பினை ஒத்த அம்மோனைட்டு, துப்பாக்கிக் குண்டினை ஒத்த பெலம்னைட்டு ஆகிய படிமங்கள் இக்களிமண்ணில் உள்ளன. காரை முதல் கொளக்காநத்தம் வரையுள்ள இப்பகுதியை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் சின்னமாகக் குறித்துள்ளது.

அப்பால் ஒரு கிளைவழி சாத்தனூர் செல்லும். கடலுள் அடித்துவரப்பெற்றுக் கல்லாய் மாறிய, ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள மரத்தை 1940-இல் எம். எஸ். கிருஷ்ணன் இங்குக் கண்டறிந்தார். கருடமங்கலம் வழியே திரும்பினால், மெருகிட்டால் பளிங்கெனத் தோன்றும் சிப்பிச் சுண்ணக்கல்லைக் காணலாம். 'திருச்சிராப்பள்ளிப் பளிங்கு' என்று அது பெயர் பெற்றது. முடிவில் அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி. தடித்த சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய பாறை இங்குள்ளது.

கல்லங்குறிச்சி, கல்லக்குடி, கல்லமேடு எனக் 'கல்' ஒலிக்கும் ஊர்ப்பெயர்கள் இவ்வட்டாரத்தில் மிகுந்துள்ளமை கருதத்தக்கது. எனினும் ஒலியைக் கேட்ட அளவிலே பொருள் கூறிவிடுதல் ஊர்ப்பெயர் ஆய்விற்கு ஆகாது.

வண்டியும் பருவமும்

விலையுயர்ந்த வண்டி வேண்டுவதில்லை. எனினும் 35 முதல் 45 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர் நன்று. காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால் பரலின்மேல் வண்டி துள்ளாது. பெரும்பகை சீமைக்கருவேல முள்ளே. மாற்று டியூபு இரண்டேனும் உடன் இருத்தல் வேண்டும்.

பருவமே யாவற்றினும் முதன்மையானது. உலர்ந்த காலத்தில் சுக்கான்கல் வழி தார்ச்சாலையை நிகர்த்த உறுதியுடையது. நனைந்த கரிசலோ சக்கரத்தைச் சுற்றி அப்பி, பிரேக்கின் இடையே புகுந்து வண்டியை நிறுத்திவிடும். அப்பொழுது வண்டியை நாம் சுமக்க நேரும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், தை, மாசித் திங்கள்களே ஏற்றவை. மருதையாற்றை எளிதாக எண்ணற்க. ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் அவ்யாற்றின் வெள்ளத்தால் 1956 நவம்பரில் ரயில் பாலம் சிதைந்து தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார்.

இழக்கப்படுவன

சுண்ணக்கல் சிமென்டின் மூலப்பொருள். டால்மியாபுரத்து ஆலை 1939-இலும் அரியலூர் அரசு ஆலை 1979-இலும் தொடங்கின. பின்னர் ஆலைகள் பெருகின. இவ்வட்டாரத்தின் உணவும் ஊதியமும் பெருமளவில் இவற்றைச் சார்ந்தன என்பதை மறுத்தல் இயலாது. ஆயினும் வெட்டி எடுக்கப்பெறும் ஒவ்வோர் அடுக்கும் படிக்கப்பெறாத ஓர் ஏடே. கல் ஏற்றிய லாரிகள் இடையறாது ஓடும் முதன்மைச் சாலைகளில் மிதிவண்டி செலுத்துதல் இடர் மிக்கது. நாம் அவற்றைத் தவிர்த்து ஊர்வழியிற் செல்லலாம். அரசு தந்த மிதிவண்டியில் நாள்தோறும் பள்ளிக்குச் செல்லும் மாணவிக்கு அத்தகைய வேறுவழி எல்லாவிடத்தும் இல்லை. மிதிவண்டித் தடம் எனப் பேசுவோர் முதலில் வேண்ட வேண்டுவது அச்சாலை ஓரத்தில் அவளுக்கென ஒரு கோடேயாகும்.

மற்றொன்று பயணியராலேயே நேரும் இழப்பு. படிமம் ஒன்றைக் கண்டவுடன் பையில் இடுதல் பலர்க்கும் இயல்பு. எடுத்த இடமும் அடுக்கும் குறிக்கப்பெறாத படிமம், முதலும் முடிவும் கிழிந்த ஓலைச்சுவடியை ஒக்கும். கல்லமேட்டில் கண்டெடுத்த மாபெரும் தொல்விலங்கின் எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி ஆகிய அறிஞர் இருவர் 1987-இல் விளக்கி, 'புருகத்காயோசாரசு' எனப் பெயரிட்டனர். உலகில் வாழ்ந்த மிகப்பெரிய விலங்குகளுள் அது ஒன்றாகலாம். ஆயின் அவ்வெலும்புகள் பின்னர் நொறுங்கி அழிந்தன. இன்று எஞ்சியவை படங்களும் வரைவுகளுமே. அறிந்தோர் கையிலேயே இவ்வாறு அழியுமாயின், நம் பையில் அவை எத்துணை நாள் நிற்கும்? படம் எடுத்துக்கொண்டு கல்லைக் கிடந்தவாறே விடுக. காரையின் மேடுகள்மீது வண்டியை ஏற்றவும் வேண்டா. சக்கரம் கீறிய கோடு அடுத்த மழையில் ஓடையாகும். கீழே நிறுத்திவிட்டு நடந்து செல்லுதல் நன்று.

தமிழ் பயிலும் மாணவர் இத்தடத்தினின்று கொண்டுவரத்தக்க பொருள் வேறு உண்டு. கல்வெட்டும் தொழிலாளரும் பருத்தி, மக்காச்சோளம் விளைக்கும் உழவரும் ஒவ்வொரு கல்லுக்கும் மண்ணுக்கும் தத்தம் வழக்கில் பெயர் வைத்துள்ளனர். அவற்றுட் பல அகராதி ஏறாதன. தேநீர்க்கடைகளில் வண்டியை நிறுத்தி, பெரியவர்களை அணுகி, அச்சொற்களை ஊர்ப்பெயருடனும் நாளுடனும் குறிப்பேட்டில் எழுதி வருக. மாலையில் அரியலூர் நிலையத்தில் சென்னை வண்டிக்குக் காத்திருக்கும் பொழுதே அவற்றை அகர வரிசைப்படுத்தத் தொடங்கலாம்.