மதிய வெயிலில் மட்டும் நிற்கும் ஆம்னி

கேள்வி: ஐயா, அப்பா 1997-ல் வாங்கிய மாருதி ஆம்னியில்தான் இன்றும் நிலக்கோட்டையிலிருந்து மதுரை மாட்டுத்தாவணிக்குப் பூ ஏற்றிப் போகிறேன். கார்புரேட்டர் வண்டி. விடிகாலையில் ஒரு தொந்தரவும் இல்லை. மதியம் காலிக் கூடைகளோடு திரும்பும்போது நெரிசலில் பத்து நிமிடம் மாட்டினால் போதும், ஆஃப் ஆகிவிடுகிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிப்பதில்லை. முக்கால் மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. பேட்டரி, ப்ளக் மாற்றியாயிற்று. கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. இப்போது இன்ஜினையே பிரிக்க வேண்டும் என்கிறார்கள். பிரிக்கலாமா?
— வாசகர், நிலக்கோட்டை

பதில்: பிரிக்க வேண்டாம். உள்ளே தேய்ந்த இன்ஜின் பெரும்பாலும் காலையில்தான் முரண்டு பிடிக்கும். உங்கள் வண்டியோ விடிகாலையில் ஒழுங்காக ஓடுகிறது.

இத்தனை நாள் குறை பிடிபடாததற்குக் காரணம், பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் வண்டி ஆறிவிடுகிறது. நின்ற இடத்திலேயே, சூடு இருக்கும்போதே பார்க்க வேண்டும். வராதது ஸ்பார்க்கா, பெட்ரோலா? அது தெரியாமல் இனி ஒரு பாகமும் வாங்காதீர்கள்.

எப்படி நிற்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் ஸ்பார்க் பக்கம் சந்தேகப்படுங்கள். இழுவை குறைந்து, திக்கித் திணறி நின்றால் பெட்ரோல் பக்கம்.

அடுத்த முறை நின்றதும் ஓரங்கட்டி, சாவியை அணைத்துவிட்டு, முன் சீட்டைத் தூக்குங்கள். கார்புரேட்டர் வாயிலுள்ள காற்றுக் குழாயைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தபடி ஆக்ஸிலரேட்டர் இணைப்பைக் கையால் இழுங்கள். மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீய்ச்சினால் கார்புரேட்டரில் பெட்ரோல் இருக்கிறது. குழாயைத் திரும்ப மாட்டிவிட்டு ஸ்பார்க்கைப் பாருங்கள். இதற்கென்றே ஒரு நல்ல ப்ளக்கை வண்டியில் வைத்திருங்கள். இன்ஜினில் உள்ள ப்ளக்கைக் கழற்ற வேண்டாம், அந்தத் துளை வழியே வரும் பெட்ரோல் ஆவி தீப்பற்றும். ஒரு ப்ளக் வயரைப் பிடுங்கிக் கையிலுள்ள ப்ளக்கில் செருகி, அதன் உலோக உடம்பு இன்ஜினில் படும்படி, கார்புரேட்டரிலிருந்து தள்ளி வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். பிறகு இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால் இந்தச் சோதனையே கூடாது.

நீலப் பொறி சடசடவென்று அடித்தால் நல்லது. பொறியே இல்லை, அல்லது மஞ்சளாகச் சோர்ந்து வருகிறது என்றால் இக்னிஷன் காயில். என் முதல் சந்தேகமும் அதன்மீதுதான். ஆம்னியில் 796 சிசி இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் அடைந்து கிடக்கிறது. நெரிசலில் நிற்கும்போது வெக்கை வெளியேற வழியில்லை. பழைய காயிலுக்குள் மெல்லிய கம்பிச் சுற்று இற்றிருந்தால் சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போகும், ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ஆறிய காயிலை மீட்டரில் அளந்து ‘சரியாக இருக்கிறது’ என்று சொல்லிவிடுவார்கள். காயில் மாற்றியும் தீராவிட்டால், பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டரில் கண்டென்சரையும் எலெக்ட்ரானிக் வகையில் அதன் மாட்யூலையும் பாருங்கள்.

ஸ்பார்க் நன்றாக இருந்து பெட்ரோல் தாரை வரவில்லையென்றால் முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தால் காற்று போகும் வழியில் அடைப்பு. அப்படி இல்லையென்றால் பெட்ரோல் பம்ப்பின் மேல் ஈரத்துணி போடுங்கள். பத்து நிமிடத்தில் வண்டி பிடித்துக்கொண்டால், சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைக்கிறது என்று அர்த்தம்.

குறை எதுவாக இருந்தாலும் ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் வண்டியின் ரப்பர் ஹோஸ்கள் 20 சதவீத எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவே விரிசல் விட்டால் பெட்ரோல் சொட்டாமலேயே பம்ப் காற்றை இழுக்கும். பம்ப்புக்கு அப்பால் விரிசல் விட்டால் சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சொட்டும், அதுவும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் சீட்டுக்கு அடியில். எல்லா ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் ரகமாக இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.