வீட்டிலேயே ஒரு மின் மோட்டார்



மின்விசிறி, மிக்ஸி, தண்ணீர் பம்ப், நம் வந்தவாசியின் கோரைப்பாய் விசைத்தறி எல்லாவற்றையும் ஓட்டுவது மோட்டார்தான். அதன் சத்தத்திலேயே வளரும் நம் பிள்ளைகள் பலர், மோட்டார் பாடத்தை மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். கையால் செய்து பார்த்தது மறக்காது.

தேவையானவை: பெரிய டார்ச் பேட்டரி (1.5 வோல்ட்) ஒன்று, பெரிய ஊக்கு இரண்டு, சிறிய வட்டக் காந்தம் ஒன்று, எனாமல் பூசிய 24 கேஜ் செம்புக் கம்பி ஒன்றேகால் மீட்டர், டேப், உப்புத்தாள். மோட்டார் காயில் கட்டும் கடையில் துண்டுக் கம்பி கேட்டுப் பாருங்கள்.

செய்முறை:

1. தடித்த மார்க்கர் பேனாவின் மீது கம்பியை 15 சுற்றுச் சுற்றிக் கழற்றுங்கள். இரு முனைகளையும் வளையத்தில் ஒருமுறை சுற்றி இறுக்கி, எதிரெதிர்ப் பக்கமாக நேராக 4 செ.மீ. நீட்டிவிடுங்கள்.

2. ஒரு முனையின் எனாமலை முழுவதும் தேய்த்து எடுங்கள். பிறகு வளையத்தைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, மறுமுனையின் மேல்பாதியை மட்டும் தேயுங்கள். கீழ்ப்பாதி எனாமல் அப்படியே இருக்கட்டும்.

3. பேட்டரியைப் படுக்க வைத்து, அதன் இரு முனைகளிலும் ஊக்குகளை டேப்பால் நிறுத்துங்கள். ஊக்கின் சிறு துளை மேலே இருக்க வேண்டும். பேட்டரியின் முதுகில், நடுவில், காந்தத்தை வையுங்கள்.

4. காயிலின் முனைகளைத் துளைகளில் நுழைத்து மெல்லச் சுண்டிவிடுங்கள். சுற்றாவிட்டால் எதிர்ப்பக்கம் சுண்டுங்கள்.

ஏன் பாதி மட்டும் தேய்க்க வேண்டும்? பாடமே இங்கேதான் இருக்கிறது. மின்சாரம் பாயும் கம்பியைக் காந்தம் ஒரு பக்கம் தள்ளும். முழுவதும் தேய்த்துவிட்டால், முதல் அரைச்சுற்றில் முன்னே தள்ளும் விசை அடுத்த அரைச்சுற்றில் பின்னே இழுக்கும். காயில் ஆடி நின்றுவிடும். பாதியில் எனாமல் இருந்தால், இழுக்கும் நேரத்தில் மின்சாரம் துண்டிக்கப்படும். காயில் ஓடிய வேகத்திலேயே அந்தப் பாதியைக் கடந்துவிடும். பொம்மைக் கார் மோட்டாரில் இந்த வேலையைக் கம்யூட்டேட்டர் செய்கிறது. அங்கே மின்சாரம் நிற்பதற்குப் பதில் திசை மாறுகிறது. பிள்ளை முதலில் முழுவதும் தேய்த்துத் தோற்றாலும் நல்லதுதான். காரணத்தை அவனோ அவளோ கண்டுபிடிக்கட்டும்.

எச்சரிக்கை: வீட்டு பிளக்கில் (230 வோல்ட்) இதை ஒருபோதும் இணைக்கக் கூடாது. காயில் சுற்றாமல் நின்றால் சூடேறும், உடனே எடுத்துவிடுங்கள். காந்தம் சிறு குழந்தைகள் கைக்குப் போகக் கூடாது.

1821-ல் லண்டனில் காந்தத்தைச் சுற்றிக் கம்பியைச் சுழல வைத்த மைக்கேல் ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். புத்தகம் பைண்டிங் செய்யும் தொழில் கற்றவர். 1937-ல் கோயம்புத்தூரில் மின் மோட்டார் உருவாக்கிய ஜி.டி. நாயுடு, ஹோட்டலில் வேலை செய்து சேர்த்த பணத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டிக் கற்றவர். படிப்பு வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பத்தாம் வகுப்போடு பிள்ளைகளை வேலைக்கு அனுப்பும் வீடுகள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. பாடம் புரியாததால் படிப்பை வெறுக்கும் பிள்ளைக்கு இந்தச் சிறு மோட்டார் ஒரு வாசலைத் திறக்கலாம்.

ஆகவே, பழைய ரேடியோவைக் கழற்றும் மகனைத் திட்டாதீர்கள். மகள் கேட்டால் அவளுக்கும் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "இது ஏன் சுற்றுகிறது?" என்று மட்டும் கேளுங்கள்.