வெளிச்சம் கூடிப்போன கறுப்பு-வெள்ளை பிலிமைக் கழுவ

கற்பிட்டிக் கடற்கரையில், உச்சி வெயிலில் எடுத்த ரோலா?

• ஒரு ஸ்டாப் கூடியிருந்தால் வழக்கமான நேரமே போதும்.

• 400 பிலிமை 100 என வைத்து எடுத்திருந்தால் இரண்டு ஸ்டாப் கூடுதல். டெவலப்பர் நேரத்தை 20 முதல் 30 வீதம் குறையுங்கள்.

• 5 நிமிடத்துக்குக் கீழே போனால் படம் திட்டுத்திட்டாகலாம். டி-76இல் சம அளவு தண்ணீர் கலந்தால் நேரம் நீளும். இல்ஃபோர்ட் ஹெச்பி5 பிளஸுக்கு அப்போது வழக்கமாக 11 நிமிடம், அதை எட்டரையாக்குங்கள்.

• இந்த நேரமெல்லாம் 20 பாகைக்கு. நம் தண்ணீர் அதைவிடச் சூடு. டெவலப்பர் போத்தலை ஐஸ் வாளியில் வையுங்கள். ஐஸைக் கரைசலுக்குள் போடாதீர்கள்.

• கடைசியில் காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசினால் உப்புக்கறை படியாது.

• காய்ந்த பின்னும் நெகட்டிவ் அடர்கறுப்பா? ஃபார்மர் ரெடியூசரில் சிறிது சிறிதாக மெலிதாக்கலாம். முதலில் வேண்டாத ஒரு துண்டில் பாருங்கள்.